மூன்று நூல் வளைவு

கிருஷ்ணன்கோவில் பக்கம் பொறியியல் படிக்கிற பிள்ளைகள் நாலைந்து பேர் போன மாதம் என்னைத் தேடி ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தார்கள். சொந்தமாகப் பந்தயக் கார் ஒன்று கட்டப் போகிறார்களாம். அதற்கு முன்னால் சின்னதாக ஒரு மாடல் செய்து பார்க்க வேண்டுமாம். நான் ஒரு காலத்தில் டிராக்ஸ்டர் மாடல் செய்தவன் என்று யாரோ சொல்லிவிட்டிருக்கிறார்கள். வந்ததும் வராததுமாக ஒரு பையன் கேட்டான்: "சார், எந்தக் கம்பெனி கிட் வாங்கினீங்க?"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கிட்டாவது ஒன்றாவது! எழுதித் தீர்ந்த பேனா ரீஃபில், சைக்கிள் பிரேக் கேபிள், லாரி டயருக்கு ஒட்டுகிற ரப்பர், காயத்துக்குக் கட்டுகிற பேண்டேஜ் துணி. இதுதான் எங்கள் கிட். இதைச் சொன்னதும் அந்தப் பிள்ளைகளின் முகம் போன போக்கைப் பார்த்து, முழுக்கதையையும் எழுதியே தீருவது என்று உட்கார்ந்துவிட்டேன். அவர்களும் தங்கள் கல்லூரியில் இருக்கும் முப்பரிமாண அச்சு இயந்திரத்தைச் செல்போனில் காட்டினார்கள். சும்மா சொல்லக் கூடாது, வாயைப் பிளந்துகொண்டுதான் பார்த்தேன். அது மட்டும் அன்றைக்கு என் கையில் கிடைத்திருந்தால் என்னைப் பிடித்திருக்கவே முடியாது.

டிராக்ஸ்டர் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கால் மைல் தூரம் நேர்கோட்டில் பாய்ந்து ஓடுவதற்கென்றே செய்த வண்டி அது. வளைவில் திரும்ப அதற்கு அவ்வளவாகத் தெரியாது, தெரியவும் வேண்டாம். முன்னால் சைக்கிள் சக்கரம் போல ஒல்லியாக இரண்டு, பின்னால் அம்மிக்கல் கனத்தில் இரண்டு, நடுவே ஏணி மாதிரி நீளமான குழாய்ச் சட்டம். பின்கோடியில் இஞ்சின், அதற்கும் பின்னால் ஓட்டுபவர். நிறுத்துவதற்குப் பிரேக் போதாமல் முதுகில் பாராசூட் வேறு கட்டியிருக்கும்.

நான் இதற்கெல்லாம் பிறந்தவன் இல்லை. ஐ.டி.ஐ. முடித்து, ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் சில வருடம் ஃபிட்டராக இருந்தேன். இயந்திரச் சட்டங்களை ரசமட்டம் வைத்து நேராக நிறுத்துவதுதான் வேலை. சட்டம் மயிரிழை சாய்ந்தாலும் இழை அறும், இழை அறுந்தால் பெண்கள் கத்துவார்கள், பெண்கள் கத்தினால் சூப்பர்வைசர் வருவார். மட்டம், மட்டம், மட்டம் என்று தூக்கத்திலும் உளறும் அளவுக்கு அது ஊறிப்போனது. பிறகு எண்பதுகளில் அதே ஊரில் ஒரு மாடல் பட்டறைக்கு மாறினேன். ஆலை கட்டுகிறவர்களுக்கும் பாலிடெக்னிக்குகளுக்கும் சின்ன அளவில் இயந்திர மாதிரிகள் செய்துதரும் இடம். அங்கே ஃபோர்மேன் சஞ்சீவி ராஜா. அவரும் மில்லில் சட்டம் நிறுத்தி வந்தவர்தான்.

மனிதர் ஒல்லி, குரல் மட்டும் சங்கு. வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ், கோபம் வந்தால் எந்த இடமானாலும் தெலுங்கு. பாராட்டு என்று ஒன்று அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. வேலை பிடித்திருந்தால் "வை" என்பார். பிடிக்காவிட்டால் "ம்" என்பார். அந்த "ம்" வந்தால் மறுபடி முதலிலிருந்துதான்.

மாடலை எப்படிப் பார்ப்பது என்பதற்கும் அவரிடம் முறை உண்டு. நின்றவாக்கில் குனிந்து பார்த்தால் திட்டுவார். "மேலேருந்து பாத்தா காக்காய்க்குத்தான்லே நல்லாருக்கும். நீ என்ன காக்காயா?" ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற அளவில் ஓர் அடி ஓர் அங்குலமாகிவிடும். ஐந்தரை அடி ஆள் ஐந்தரை அங்குல ஆள். கண்ணை அந்த உயரத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அதற்காக மேசை முன்னால் முழங்கால் போட்டு, மோவாயைப் பலகையில் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். நாங்களும் அப்படியே பார்க்க வேண்டும். வெளியாள் யாராவது அப்போது உள்ளே வந்தால், மேசையை வைத்து ஏதோ பூசை நடக்கிறது என்றுதான் நினைப்பார்கள்.

அந்தப் பட்டறைக்கு ஒருநாள் கோயம்புத்தூரிலிருந்து நடராஜ் என்பவர் வந்தார். நெடுநெடுவென்று உயரம், இடது காது கொஞ்சம் மந்தம். பழைய அமெரிக்கக் கார் ஒன்றின் எட்டு சிலிண்டர் இஞ்சினை எடுத்து, தானே டிராக்ஸ்டர் கட்டி ஓட்டியவர். போன பந்தயத்தில் இஞ்சின் வெடித்துச் சட்டமும் பிளந்துவிட்டதாம். வெட்டிப் பழைய இரும்புக்குப் போட்டாயிற்று. வரைபடம் என்று எதுவும் இல்லை. மிச்சம் இருந்தவை மூன்று போட்டோக்கள். இரண்டில் வண்டிக்கு முன்னால் ஆட்கள் நின்று மறைத்திருந்தார்கள். மூன்றாவது மட்டும் பக்கவாட்டில் முழுசாக, கிளம்புகிற கணத்தில் எடுத்தது.

"ஏனுங்க, சென்னையில ஒரு டயர் கம்பெனிக்காரங்க என்னைப் பாக்கறேன்னு சொல்லியிருக்காங்க," என்றார். "புது வண்டி கட்ட அவங்க ஒத்துக்கணுமுங்க. அவங்க யாருமே டிராக்ஸ்டரைக் கண்ணால பாத்ததில்லீங்க. இந்தப் போட்டோவுல இருக்கற மாதிரியே ஒண்ண மேசை மேல கொண்டுபோய் வெச்சுத்தான் பேசணும். இது நடக்கலீன்னா அப்பா கூடப் பம்ப்செட் கடையில ஒக்கார வேண்டியதுதானுங்க."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது, கடைக்குப் பதில் ஜெயிலைச் சொல்வது போலச் சொன்னார். எனக்கு உடனே அவரைப் பிடித்துப்போனது. ஃபோர்மேன் அந்த மூன்றாவது போட்டோவை வாங்கி ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "கோதண்டம், எல்லா வேலையையும் ஓரம் கட்டுலே," என்றார். நான் குதிக்காத குறைதான்.

சட்டத்துக்குப் பித்தளை. உண்மை வண்டியில் ஒன்றரை அங்குலக் குழாய் என்றால் எங்கள் அளவில் ஒரு நூல். பட்டறைக் கணக்கில் நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. நீளக் குழாய்களை மதுரையில் வாங்கினோம். குறுக்குக் குழாய்களுக்குப் பித்தளை ரீஃபில் ஏறக்குறைய அதே கனத்தில் வாகாக அமைந்தது. ஊரில் இருந்த கணக்குப்பிள்ளைகள் எல்லாம் என்னைக் கண்டால் பேனாவைப் பைக்குள் ஒளித்துக்கொள்ளும் நிலைமை வந்துவிட்டது. மண்ணெண்ணெயில் ஊறவைத்து மையைக் கழுவி, முனையை வட்ட அரத்தால் குடைந்து, ஒரு குழாய் இன்னொன்றைக் கவ்விப் பிடிக்கும்படி பொருத்தி, வெள்ளிப் பற்று வைத்து மூட்டினோம். புகைக்குழல் எட்டையும் உள்ளே மணல் அடைத்துச் சூடுகாட்டி வளைத்தேன். மணல் இல்லாமல் வளைத்தால் குழாய் நசுங்கிவிடும். முன்சக்கரக் கம்பிகளுக்குச் சைக்கிள் பிரேக் கேபிளைப் பிரித்து, ஒவ்வோர் இழையாக நீவி எடுத்தேன்.

பின் டயர்தான் பெரிய கூத்து. கடைசலில் அலுமினிய அச்சு கடைந்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் டயர் ரீட்ரெடிங் கடைக்கு எடுத்துப் போனேன். வேகாத ரப்பரை அச்சில் அடைத்து, லாரி டயர்களோடு சேர்த்து வேகவைத்துக் கொடுத்தார்கள். கடைக்காரர் எடுத்துக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, "என்னலே, லாரி குட்டி போட்டிருக்கு!" என்றார். பஸ்ஸில் திரும்பும்போது அந்த இரண்டு டயரையும் சட்டைப்பைக்குள் தடவிக்கொண்டே வந்தேன். இன்னும் சூடாக இருந்தன.

பாராசூட் பையும் சீட் பெல்ட்டும் செண்பகம் தைத்துக் கொடுத்தாள். செட்டியார்பட்டிக்காரி, பேண்டேஜ் துணி நெய்கிற தறியில் வேலை. அவள் கொண்டுவரும் துணி சல்லடை போல மெலிசு. சாயம் ஏற்றிவிட்டால் பன்னிரண்டில் ஒரு பங்காகச் சுருக்கிய பாராசூட் துணியேதான். "அண்ணே, காயமே படாத வண்டிக்கு இம்புட்டுக் கட்டா?" என்று கிண்டல் வேறு செய்வாள்.

எல்லாம் சரி. இனிதான் விஷயம். அந்த மூன்றாவது போட்டோவில் சட்டம் நேராக இல்லை. நடுவில் மேல்நோக்கி வில் மாதிரி வளைந்திருந்தது. பின் டயரின் பக்கச்சுவரும் கசங்கித் தெரிந்தது. நானும் ஃபோர்மேனும் அதைப் பார்க்காமல் இல்லை. பார்த்துவிட்டு, காமிரா கோணல் என்று முடிவு கட்டினோம். இல்லையென்றால் பாவம், அந்த மனிதர் கட்டிய சட்டம் கோணல், அதனால்தான் கடைசியில் பிளந்தும் போயிற்று. மில்காரன் வேறு எப்படி நினைப்பான்? வளைந்த சட்டத்தை வளைந்தபடி செய்து கொடுத்தால் கை கூசாதா? நல்ல மனசோடுதான் அவருடைய வண்டியைத் திருத்திக் கொடுத்தோம்! சர்ஃபேஸ் பிளேட் என்கிற துல்லிய மட்டமான இரும்புப் பலகை மேல் சட்டத்தை வைத்து, அடியில் டார்ச் அடித்துப் பார்த்தோம். பொட்டு வெளிச்சம் கசியவில்லை. ரசமட்டத்தில் குமிழி நட்டநடுவில் அசையாமல் நின்றது. ஃபோர்மேன் முழங்கால் போட்டுப் பார்த்துவிட்டு, "வை" என்றார்.

சென்னைச் சந்திப்புக்கு ஒரு வாரம் இருக்கும்போது நடராஜ் வந்தார். சிவப்புப் பெயிண்ட் பளபளக்க மாடல் மேசையில் இருந்தது. அவர் சுற்றிச் சுற்றி வந்தார். இஞ்சினைப் பார்த்துச் சிரித்தார், பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தார். பிறகு பக்கவாட்டில் வந்து நின்றார்.

"ரொம்ப நல்லாருக்குதுங்க," என்றார் மெதுவாக. "ஆனா நிக்குதுங்களே."

"மாடல் நிக்காம ஓடுமா?" என்றார் ஃபோர்மேன்.

"இல்லீங்க. டயர் தரையைக் கவ்வுனதும் சட்டம் வளையோணும். வளையறதுக்குன்னே கட்டுனதுங்க. வளையாத சட்டமா இருந்தா டயர் நின்ன எடத்துலயே சுத்திப் பொகைதான் வரும், வண்டி போகாது. டயரோட பக்கம் கசங்கித்தான் அந்த இழுப்பைத் தாங்கும். டயர் கம்பெனிக்காரங்களுக்கு நாம காட்ட வேண்டியதே அந்தக் கசங்கல்தானுங்களே. போட்டோவுல இருக்கற மாதிரியே வேணும்னு சொன்னேனுங்களே."

"ஏமிரா இதி!" என்று ஃபோர்மேன் தெலுங்குக்குத் தாவினார். கோபம் யார் மேல் என்று அவருக்கே தெரியவில்லை. "சட்டம் வளைஞ்சா அதுக்குப் பேரு சட்டமா? என் சர்வீசுல ஒரு சட்டத்த வளைச்சு அனுப்பினதில்ல. கோணலா செஞ்சு குடுத்தா ஊர்ல என்னை என்ன பேசுவாக?"

நடராஜ் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "பரவால்லீங்க, இதையே கொண்டுபோறேன்," என்று அவர் சொன்ன தினுசில் பம்ப்செட் கடை எனக்குக் கண்ணுக்குத் தெரிந்தது. சொந்த வண்டி உடைந்தது போல இருந்தது எனக்கு.

ஃபோர்மேன் அவரை முறைத்தார். பிறகு முழங்கால் போட்டார். மோவாயைப் பலகையில் வைத்து, போட்டோவை மாடலுக்குப் பக்கத்தில் நிறுத்தி, ஐந்தரை அங்குல ஆளாகிப் பார்த்தார். போட்டோவைப் பார்ப்பார், மாடலைப் பார்ப்பார், மறுபடி போட்டோ. அவர் எழுந்திருக்காமலே சொன்னார்:

"ம்."

அடுத்து என்னைத் திரும்பிப் பார்த்து, "பற்றை எல்லாம் கழட்டுலே," என்றார்.

அந்த ஒரு வாரம் மாதிரி என் வேலைக்காலத்தில் இன்னொரு வாரம் வந்ததில்லை. சோறு இறங்கவில்லை, ஆனால் பசியும் இல்லை. பெயிண்டைச் சுரண்டி, பற்றுகளை உருக்கி, சட்டத்தைத் தனித்தனிக் குழாயாகப் பிரித்தோம். பற்றோடு வளைத்தால் மூட்டு விட்டுவிடும் என்பதால், வளைவோடு மறுபடி கட்ட வேண்டும். ஆனால் எவ்வளவு வளைவு? எதை வைத்து அளப்பது? எங்களிடம் இருந்த கருவிகள் எல்லாம் நேராக இருக்கிறதா என்று பார்க்க மட்டும்தான்.

ஃபோர்மேன் செய்ததைப் பார்த்து அசந்துபோனேன். மில்லில் சட்டம் தாழ்ந்த இடத்தில் ஆப்பு செருகி மட்டத்துக்குக் கொண்டுவருவோம் இல்லையா? அதே ஆப்புகளைச் சர்ஃபேஸ் பிளேட் மேல் வரிசையாக வைத்து, மட்டத்தைக் கெடுக்க ஆரம்பித்தார். நடுவில் மூன்று நூல் உயரம், இருபுறமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்து வர வேண்டும். மேலே குழாயைப் படிய வைத்து, சின்ன ரசமட்டத்தை அதன் மேல் நகர்த்திக்கொண்டே வந்தார். குமிழி ஒவ்வோர் இடத்திலும் எவ்வளவு தூரம் ஓரத்துக்கு ஓட வேண்டும் என்று போட்டோவிலிருந்து கணக்குப் போட்டு, ரசமட்டக் கண்ணாடியில் மார்க்கிங் பென்சிலால் கோடு கிழித்தார். "வயசு பூரா இந்தக் குமிழிய நடுவுல நிறுத்தினேன். இப்ப ஓடுலே, ஓடு!" என்று அதைப் பார்த்துச் சத்தம் போட்டார். மனிதர் சந்தோஷமாக இருந்தார். நான் அதுவரை அவரை அப்படிப் பார்த்ததே இல்லை.

டயர் என் பங்கு. பக்கச்சுவரில் கத்தியால் கீறிச் சுருக்கம் போட்டுப் பார்த்தேன். கிழவரின் முழங்கால் மாதிரி இருந்தது. "ம்." பிறகு தரையைத் தொடும் ரப்பர் வளையத்தை மட்டும் வைத்துக்கொண்டு, பக்கச்சுவரைச் சைக்கிள் டியூபில் மெலிசாக வெட்டி, வளையத்துக்கும் ரிம்முக்கும் நடுவே ஒட்டினேன். ஒட்டிய சூட்டில் இடது உள்ளங்கையில் டயரை இறுக்கிப் பிடித்து, வலது கையால் ரிம்மைக் கொஞ்சம் திருகினேன். அவ்வளவுதான்! சாய்வாக, வரிசையாக, போட்டோவில் இருந்த அதே சுருக்கம் தானாக விழுந்தது. உண்மை வண்டியிலும் இதுதானே நடக்கிறது? டயர் தரையைப் பிடித்துக்கொள்கிறது, ரிம் திருகுகிறது. நான் போட்ட கூச்சலில், கை போய்விட்டது என்று பக்கத்துக் கடையிலிருந்து ஓடிவந்தார்கள். கையைக் காட்டினேன், டயரோடு. ஃபோர்மேன் பார்த்துவிட்டு "வை" என்றார். "வைக்க முடியாது அண்ணாச்சி, கைய எடுத்தா பிரிஞ்சிரும்," என்றேன். பசை காயும்வரை அப்படியே பிடித்துக்கொண்டு பட்டறைக்குள் உலாத்தினேன்.

கடைசியில் அடிப்பலகைக்குக் கறுப்பு எமரித் தாளை ஒட்டித் தார்ரோடு ஆக்கினோம். அதில் பின் டயர்களை அடியிலிருந்து திருகாணி போட்டு முடுக்கினோம். முன்சக்கரங்கள் இரண்டு நூல் உயரத்தில் அந்தரத்தில் நின்றன. பெயிண்ட் காய்ந்த அன்று, வண்டியைப் பிரித்தபோது கிழிந்துபோன பாராசூட் பைக்குப் பதில் புதிது தைத்துக்கொண்டு செண்பகம் வந்தாள். கதவைத் தாண்டி இரண்டடி வைத்திருப்பாள். மேசை மேல் வண்டி அவளைப் பார்த்து நின்றது.

"ஏ ஆத்தே!" என்று சேலையை இழுத்துப் பிடித்துக்கொண்டு சட்டென்று ஒதுங்கினாள்.

பதினெட்டு அங்குல நீளப் பித்தளைக்கு வழிவிட்டு ஒதுங்கினாள்! பிறகு அவளே வெட்கப்பட்டுச் சிரித்தாள். ஃபோர்மேன் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

நடராஜ் வந்து மாடலைப் பார்த்ததும், மந்தமான காதைத் தேய்த்துக்கொண்டே, "சத்தம் கேக்குதுங்க," என்றார். காரில் மடியில் வைத்துக்கொண்டே சென்னைக்குக் கொண்டுபோனார். சந்திப்பு நாளன்று பட்டறையில் ஒரு வேலையும் ஓடவில்லை. ஃபோர்மேன் போனைத் திரும்பியும் பார்க்காதவர் போல, அதற்கு ஓர் அடி தள்ளியே நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார். மணி அடித்ததும் நான் பாய்ந்து எடுத்தேன்.

"பெரியவரு வந்தாருங்க," நடராஜ் அந்தப் பக்கம் கத்தினார். "டயர் மேல ஒரு வெரலை வெச்சு, 'இது ஏன் கசங்கியிருக்கு'ன்னு கேட்டாருங்க. அம்புட்டுதானுங்க! பொறவு என்னைப் பேச வுட்டாங்க. ஒத்துக்கிட்டாங்க! புது வண்டி கட்டறோமுங்க!"

'அம்புட்டு' என்று அவர் எங்கள் ஊர்ப் பேச்சைப் பேசியதைக்கூட நான் அப்போது கவனிக்கவில்லை. போனை வைத்துவிட்டு ஆடினேன். நிஜமாகவே ஆடினேன். ஃபோர்மேன் எழுந்து, ரசமட்டக் கண்ணாடியில் இருந்த கோடுகளைத் துணியால் துடைக்கப் போனவர், துடைக்காமல் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

பழைய சட்டத்துக்கு வரைபடம் இல்லை என்று சொன்னேன் அல்லவா? எங்கள் மாடலைத்தான் நடராஜ் தன் கொட்டகையில் மேசை மேல் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு குழாயின் நீளத்தையும் அளந்து பன்னிரண்டால் பெருக்கிப் புது வண்டியைக் கட்டினார். கட்டி முடித்ததும் எங்கள் இரண்டு பேரையும் பந்தயத்துக்கு அழைத்தார். சென்னைக்கு வெளியே பழைய விமான ஓடுதளம். வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். ஓடுதளத்தின் கோடியில் சிவப்பாக அந்த வண்டி வந்து நின்றபோது எனக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. ஒவ்வொரு குழாயும் எனக்குத் தெரியும். அதோ அந்தக் குறுக்குக் குழாய் எந்தக் கணக்குப்பிள்ளையின் ரீஃபில் என்றுகூடச் சொல்வேன்.

ஃபோர்மேன் கம்பிவேலி ஓரமாகப் புழுதியில் முழங்கால் போட்டார்.

"அண்ணாச்சி, இது முழு அளவு. நின்னுக்கிட்டே பாக்கலாம்," என்றேன்.

"சும்மா இருலே."

புறப்பாட்டு விளக்கு பச்சைக்கு மாறியது. இடி நெஞ்சுக்குள் விழுந்தது போல ஒரு சத்தம். பின் டயர் கசங்கியது, சாய்வாக, வரிசையாக. சட்டம் நடுவில் வில்லாக எழும்பியது. முன்சக்கரங்கள் தரையை விட்டன. அவ்வளவும் ஒரு கணம்தான். நான் கத்திய கத்தலில் தொண்டை கட்டி, மூன்று நாள் பேச்சு வரவில்லை. வண்டி கோடியில் புள்ளியாகி, பாராசூட் பூவாக விரிந்தபோது என் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. வெட்கமே படவில்லை.

ஃபோர்மேன் மெதுவாக எழுந்தார். வேட்டியில் ஒட்டிய புழுதியைத் தட்டினார். பாராசூட் சுருங்கி விழும்வரை பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"பரவால்லலே கோதண்டம்," என்றார். "நம்ம வண்டிய அச்சு அசலா மாடல் பண்ணியிருக்கான்."